மூன்றாவது நோட்டு: மெதடிஸ்ட் ஊழியப் பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

ஊழியப் பயிற்சிக்குப் போயிருந்த நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது தன் பாட நோட்டுகளைக் காட்டினார். இறையியலுக்கு ஒரு நோட்டு, மிஷனுக்கு ஒரு நோட்டு, சபை ஆளுகைக்கு ஒரு நோட்டு. முதல் இரண்டும் தாள் மடங்கி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு, படித்த தடயத்துடன் இருந்தன. மூன்றாவது புத்தம்புதுசாக இருந்தது. "அட, அது ஒண்ணுமில்லப்பா, வெறும் சட்டம். எந்தக் கமிட்டியில எத்தனை பேரு, யாரை யார் நியமிக்கலாம், இதுதான். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பார்த்தாப் போதும்" என்றார்.

நான் சபை விவகாரங்களுக்கு வெளியே நிற்பவன். இலக்கியம் படித்தவன். ஆனால் ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி மேடையில் சொல்லிக்கொள்வதைவிட, அது எழுதிவைத்திருக்கும் விதிகள் அதிகம் பேசும் என்பதைப் பிரதிகளோடு பழகிய எவரும் அறிவர். நண்பர் ஒதுக்கிவைத்த மூன்றாவது நோட்டைப் பற்றியதுதான் இக்கட்டுரை. என் வாதம் இதுதான்: மெதடிஸ்ட் மரபைப் பொறுத்தவரை ஆளுகை என்பது இறையியலுக்குப் பிறகு வருகிற நிர்வாகச் சமாச்சாரம் அல்ல. இறையியல் எங்கே நிஜமாகிறது, எங்கே பொய்த்துப்போகிறது என்பதைக் காட்டுகிற இடமே அதுதான். மூன்றையும் தனித்தனி நோட்டாக்கிப் படிக்கிற பயிற்சி, எதிர்காலப் போதகரின் கண்ணிலிருந்து இந்த இடத்தை மறைத்துவிடுகிறது.

1

இயக்கத்தின் தொடக்கத்தில் இந்த மூன்று நோட்டுகள் கிடையாது. ஜான் வெஸ்லி தம் முதல் மாநாட்டை 1744 ஜூனில் லண்டனில் கூட்டினார். இடம், முன்பு பீரங்கி வார்த்த ஒரு பட்டறைக் கட்டடம். வந்தவர்கள் பத்துப் பேர்: ஆறு பேர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார், நான்கு பேர் பட்டம் பெறாத பிரசங்கிகள். எதைப் போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்ற மூன்றும் ஒரே மேசையில், ஒரே அமர்வுகளில் பேசப்பட்டன. பேசியதைக் கேள்வி பதில் வடிவில் எழுதிவைத்தார்கள். ஆண்டுதோறும் சேர்ந்த இந்தக் குறிப்புகளே பின்னாளில் தொகுக்கப்பட்டு அமெரிக்க மெதடிஸ்ட்களின் ஒழுங்குநூலுக்கு அடிப்படையாயின. ஆக, எண்ணிட்ட பத்திகளாக இன்று விறைப்பாக நிற்கும் சட்டப் புத்தகத்தின் பூர்வீகம் ஒரு உரையாடல்.

உடனே இதை ஜனநாயகம் என்று நினைத்துவிட வேண்டாம். யாரை அழைப்பது என்பதை வெஸ்லிதான் தீர்மானித்தார். வந்தவர்கள் ஆலோசனை சொல்லலாம், முடிவு அவருடையது. உரையாடலும் ஒற்றை அதிகாரமும் ஒன்றாகவே பிறந்தன. மெதடிஸ்ட் ஆளுகையின் இரட்டைத்தன்மை அன்றே தொடங்கிவிட்டது.

அந்த நூலின் பெயரும் கவனிக்கத்தக்கது: டிசிப்ளின். ஆங்கிலத்தில் சீடனைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. கற்றல் என்பது அந்த வேரின் பொருள். பின்னர் அச்சொல்லில் கண்டிப்பும் தண்டனையும் ஏறிக்கொண்டன. தமிழில் 'ஒழுக்கம்' ஒழுகுதலிலிருந்து வருகிறது. இடையறாமல் ஒரு வழியில் நடந்துவருதல். நாம் அதை நன்னடத்தைச் சான்றிதழாகச் சுருக்கிவிட்டோம், அது வேறு விஷயம். கற்றல், நடத்தல், கண்டித்தல் என்ற மூன்று பொருளும் ஒரே நேரத்தில் இயங்குகிற பிரதியாகத்தான் ஒழுங்குநூலை வாசிக்க வேண்டும்.

2

ஒரு உதாரணம். 1742இல் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்ட்கள் கட்டியிருந்த கூடத்தின் மேல் கடன் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பலரிடம் ஒரு பென்னிகூட இல்லை என்றார்கள். யோசனை சொன்ன மனிதர், ஏழைகளில் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே ஏற்றார்கள். ஆக, பன்னிரண்டு பேர் கொண்ட குழு உருவாயிற்று. பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே வேறு சில சங்கதிகளையும் பார்த்தார்கள்: குடி, சண்டை, நோய், பசி. வெஸ்லிக்கு உடனே பொறிதட்டியது. கடன் வசூல் ஆன்ம விசாரணையாக மாறியது. 'கிளாஸ்' என்று பெயர் பெற்ற இந்தக் குழு மெதடிஸ்ட் அமைப்பின் அடிப்படை அலகாயிற்று.

இதை வெறும் நிர்வாகத் தந்திரமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். கால்வினியம், மீட்கப்படுகிறவர்கள் முன்பே குறிக்கப்பட்டுவிட்டார்கள் என்றது. வெஸ்லி அதை மறுத்தார். கிருபை எல்லோருக்குமானது, மனிதன் தேடுவதற்கு முன்பே அவனிடம் வந்து நிற்பது, ஏற்கவும் முடியும், மறுக்கவும் முடியும், பெற்றதை இழக்கவும் முடியும். பரிசுத்தம் ஒரு நாளில் முடிகிற காரியமல்ல, பூரணத்தை நோக்கிய நடை. இப்படியொரு இறையியலுக்கு எத்தகைய அமைப்பு வேண்டியிருக்கும்? முன்குறிக்கப்பட்டவனின் மீட்பு வாராந்தர விசாரிப்பைச் சார்ந்ததல்ல. இழக்கக்கூடிய கிருபைக்குத்தான் வாராவாரம் "உன் உள்ளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு ஆள் தேவை. அந்தக் கோட்பாட்டின் உடல் இந்தக் குழு. இறையியல் நோட்டில் 'பரிசுத்தமாகுதல்' என்ற தலைப்பில் இருப்பதும் ஆளுகை நோட்டில் 'குழுத் தலைவரின் கடமைகள்' என்ற தலைப்பில் இருப்பதும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள்.

அந்த வாக்கியத்தின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு புதுப்பிக்கப்பட்டது. ஒழுங்கு தவறியவருக்குச் சீட்டு இல்லை. ஃபூக்கோ மேய்ப்பர் அதிகாரம் என்று விவரித்தது இதைத்தானே? மந்தை முழுவதையும் ஒவ்வொரு ஆட்டையும் ஒருசேரக் கவனிக்கும் அதிகாரம். அன்பு எங்கே முடிகிறது, கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத இடம். ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் எழுதிய இ.பி. தாம்ஸன், ஆலைச் சங்குக்குக் கீழ்ப்படியும் உடல்களை உருவாக்கியதில் மெதடிஸத்துக்குப் பங்குண்டு என்று கடுமையாகவே சாடினார். அதற்கு முன்பே எலி ஹலெவி, இங்கிலாந்தில் பிரெஞ்சுப் புரட்சி போல ஒன்று நிகழாமல் போனதற்கு மெதடிஸம் ஒரு காரணம் என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, கதை அதோடு முடியவில்லை. வாரம் ஒரு பென்னி, சிறு குழு, அதற்கொரு தலைவர் என்ற இதே வடிவத்தைச் சாசன இயக்கத்தினர் தங்கள் அரசியல் அமைப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். 1834இல் சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டோல்படில் விவசாயத் தொழிலாளிகள் ஆறு பேரில் ஐவர் மெதடிஸ்ட்கள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் மெதடிஸ்ட் பிரசங்கி. எழுந்து நின்று பேசவும், கணக்கு எழுதவும், கூட்டம் நடத்தவும் அவர்கள் கற்றது ஜெபக் கூடத்தில். கீழ்ப்படியக் கற்றுத்தந்த அதே அமைப்பு கீழ்ப்படிய மறுக்கவும் கற்றுத்தந்தது.

3

மிஷன் ஆளுகையை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு 1784 சாட்சி. அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலிக்கன் குருமார் பலர் நாடு திரும்பிவிட்டார்கள். அங்கே இருந்த சுமார் 15,000 மெதடிஸ்ட்களுக்குத் திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஆளில்லை. பட்டம் கொடுத்து ஒருவரை அனுப்புங்கள் என்று லண்டன் பிஷப்பிடம் வெஸ்லி கேட்டார். நடக்கவில்லை.

ஆதிச் சபையில் பிஷப்பும் மூப்பரும் ஒரே நிலையினர் என்று வாதிக்கும் புத்தகம் ஒன்றை வெஸ்லி 1746லேயே படித்து ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியானால் மூப்பரான தாமே பட்டம் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கவில்லை. அந்தக் கருத்து முப்பத்தெட்டு வருஷம் அலமாரியில் கிடந்தது. கடலுக்கு அப்பால் ஜனங்கள் திருவிருந்து இல்லாமல் நிற்கிறார்கள் என்ற நெருக்கடி வந்த பிறகுதான், எண்பத்தொரு வயதில், பிரிஸ்டலில் இருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். தாமஸ் கோக்கைக் கண்காணிப்பாளராக அபிஷேகம் செய்து அனுப்பினார். தம்பி சார்ல்ஸ் கொதித்துப்போனார்.

அமெரிக்காவில் இன்னொரு திருப்பம். வெஸ்லி நியமித்தால் மட்டும் போதாது, பிரசங்கிகள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் பிரான்சிஸ் ஆஸ்பரி. அவ்வாண்டு கிறிஸ்துமஸையொட்டி பால்டிமோரில் கூடிய மாநாடு அவரைத் தேர்ந்தெடுத்தது. முடியாட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நாட்டின் வாக்குரிமை சபைக்குள் நுழைந்தது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் வந்த அதிகாரம் சின்னதல்ல: எந்தப் பிரசங்கி எந்த ஊருக்குப் போவது என்பதை அவரே முடிவு செய்வார். இன்றும் யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் போதகரைச் சபையார் தேர்ந்தெடுப்பதில்லை, பிஷப் அனுப்புகிறார். 'அனுப்புதல்' என்பதுதான் மிஷன் என்ற லத்தீன் சொல்லின் மூலப்பொருள் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த நியமன உத்தரவை வெறும் டிரான்ஸ்ஃபர் ஆர்டராக வாசிக்க முடியாது. அப்படி வாசிக்கும்படி ஆகிவிடுகிற சபைகள் உண்டு என்பதும் உண்மைதான்.

4

சொத்துக்கு வருவோம். வழிபாட்டுக் கூடங்களுக்காக வெஸ்லி 1763இல் ஒரு மாதிரிப் பத்திரம் தயாரித்தார். கூடம் அறங்காவலர் பொறுப்பில் இருக்கும். அங்கே பிரசங்கிக்கிறவர், வெஸ்லியின் புதிய ஏற்பாட்டு விளக்கக் குறிப்புகளிலும் நான்கு தொகுதிப் பிரசங்கங்களிலும் உள்ளதற்கு மாறான கோட்பாட்டைப் போதிக்கக்கூடாது. எது மெதடிஸ்ட் கோட்பாடு என்பதற்கான சட்டபூர்வ வரையறை இப்படிக் கட்டடப் பத்திரத்துக்குள் வந்து உட்கார்ந்தது. இறையியலையும் சொத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் வேண்டுமா?

அந்தக் கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பது அடுத்த கேள்வி. பிலடெல்பியாவில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயம். கறுப்பின உறுப்பினர்களை மாடத்துக்கு ஒதுக்கினார்கள். ஒருநாள் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் பிடித்துத் தூக்கினார்கள். கறுப்பினத்தவர் எழுந்து வெளியே நடந்தார்கள். மரபாக 1787 என்று சொல்லப்படும் இச்சம்பவம் சில ஆண்டுகள் பிந்தியது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஜோன்ஸ் ஆங்கிலிக்கன் மரபுக்குப் போனார். அடிமையாகப் பிறந்து தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலன் மெதடிஸ்ட்டாகவே இருந்தார். ஆலன் கட்டிய பெத்தேல் ஆலயம் யாருக்குச் சொந்தம் என்று அடுத்த சண்டை. 1796இல் பதிவான ஆவணத்தின்படி சொத்து வெள்ளையர் கையிலிருந்த மாநாட்டின் பிடிக்குள் போயிருந்தது. வழக்கு பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1816 தொடக்கத்தில் ஆலன் தரப்பு வென்றது. அதே ஆண்டு ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை பிறந்தது. கோட்பாட்டில் அது வேறுபடவில்லை, ஒழுங்குநூலும் பெரும்பாலும் அதேதான் என்பதுதான் முக்கியம். எல்லோருக்கும் கிருபை என்ற வாக்கியத்தை ஆலன் மறுக்கவில்லை, அதை நம்பினார். மறுத்தவை மாடப்படியும் சொத்துப் பத்திரமும்.

1844இல் இன்னொரு வித்தை. ஜார்ஜியாவைச் சேர்ந்த பிஷப் ஜேம்ஸ் ஆண்ட்ரூ வாரிசுரிமையாலும் திருமணத்தாலும் அடிமைகளுக்கு உடைமையாளர் ஆகியிருந்தார். அந்த நிலை தீரும்வரை அவர் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று பொது மாநாட்டின் பெரும்பான்மை தீர்மானித்தது. விவாதம் எங்கே போயிற்று தெரியுமா? பிஷப் பொது மாநாட்டின் அலுவலரா, அல்லது அதற்கு இணையான தனி அதிகாரமா என்ற ஆளுகைக் கேள்விக்கு. வாரக்கணக்கில் பேசினார்கள். அடிமையாக்கப்பட்ட மனிதர்கள் அந்தச் சொல்லாடலில் காணாமல் போனார்கள். சபை இரண்டாயிற்று. வடக்கும் தெற்கும் 1939இல் மீண்டும் இணைந்தபோது ஐந்து ஆட்சி வட்டங்களை நிலப்பரப்பின்படி பிரித்தார்கள். ஆறாவதை நிறத்தின்படி பிரித்தார்கள். மைய வட்டம் என்று பெயர். உண்மையில் கறுப்பினச் சபைகளை ஒதுக்கிவைத்த வட்டம். அதற்கு 'மையம்' என்று பெயர் வைத்ததை என்னென்பது! மாடம் சட்டத்தின் பத்தியாக மாறியது, அவ்வளவுதான். 1968இல் யுனைடெட் மெதடிஸ்ட் சபை உருவானபோதுதான் அது அமைப்பிலிருந்து நீக்கப்பட்டது.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். வெஸ்லி தம் கடைசிக் காலத்தில் சில பெண்களின் அசாதாரண அழைப்பை ஏற்றுப் பிரசங்கிக்க விட்டார். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1803இல், பிரிட்டிஷ் மாநாடு பெண்கள் பெண்களுக்கு மட்டுமே பேசலாம் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்க மெதடிஸ்ட் சபையில் முழுக் குருத்துவ உரிமை 1956இல்தான் வந்தது. பிரிட்டனில் முதல் குருப்பட்டங்கள் 1974இல். இடைப்பட்ட காலத்தில் கிருபை பற்றிய கோட்பாடு மாறிவிடவில்லை. மாறியது சட்டம்.

அண்மைய நிகழ்ச்சிகளும் இதே தடத்தில்தான். தன்பாலினத்தவரின் திருமணம், குருப்பட்டம் குறித்து யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் அரை நூற்றாண்டுச் சண்டை. 2019 சிறப்பு மாநாடு தடையை 438க்கு 384 என்ற வாக்கில் இறுக்கியது. கூடவே, சொத்தோடு வெளியேற ஒரு வழியையும் சட்டத்தில் சேர்த்தது. 2023 முடிவதற்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 7,600 சபைகள், அதாவது நான்கில் ஒரு பங்கு, வெளியேறின. 2024இல் சார்லட் நகரில் கூடிய மாநாடு தடையை நீக்கியது. பழமைவாதத் தரப்பின் வாக்குகளில் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளின் பங்கு கணிசமானது என்று பேசப்பட்டது. மிஷன் புறப்பட்டுப் போன இடத்திலிருந்து வாக்குச்சீட்டு திரும்பிவந்தது. அனுப்பிய நாட்டார் அதை எதிர்பார்த்திருந்தார்களா?

5

இந்த அமைப்பு வடிவம் நம் மொழிக்குள் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. வெஸ்லி அமெரிக்காவுக்கு அனுப்பிய அதே தாமஸ் கோக், 1813 இறுதியில் ஒரு மிஷனரிக் குழுவோடு இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்தார். மற்றவர்கள் ஜூன் கடைசியில் காலியில் இறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, ஆல்ட் மட்டக்களப்புக்கு. அடுத்த தலைமுறையில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பீட்டர் பெர்சிவலிடம் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்து, வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து அச்சகம், பாலபாடங்கள், வினாவிடைகள். கோட்பாட்டை முற்றாக மறுத்தார், வடிவத்தை எடுத்துக்கொண்டார். சாசன இயக்கத்தவர் எடுத்துக்கொண்டதைப் போலத்தான். கிறிஸ்தவத்தை எதிர்க்க மெதடிஸ்ட்களின் உரைநடைப் பிரசங்கமும் பள்ளியும் அச்சும் உதவின. ஆனால் மாடத்துக்கு எதிராக ஆலன் அந்த வடிவத்தைத் திருப்பியதுபோல நாவலர் சாதிக்கு எதிராகத் திருப்பவில்லை. சாதி ஒழுங்கைப் பேணவே அது பயன்பட்டது. வடிவம் தானாக விடுதலை தராது. யார் கையில், யாருக்காக என்பதே கேள்வி.

மிஷன் தரப்பிலும் கேள்விகள் உண்டு. இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன் மாநாட்டைத் தானே நடத்தும் சுயாதீனம் பெற்றது 1964இல். காலியில் இறங்கி நூற்றைம்பது ஆண்டு! தமிழ்நாட்டு வெஸ்லியன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று. பேராயர் என்ற பதவியின் பொருள் என்ன என்பதே பெரிய முட்டுக்கட்டை. மறுபடியும் ஆளுகை, மறுபடியும் இறையியல்.

6

யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் குருப்பட்டத்துக்கு வருகிறவர் வேதாகமம், இறையியல், மிஷன் முதலியவற்றோடு மெதடிஸ்ட் கோட்பாடு, ஆளுகை, வரலாறு மூன்றையும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. கேள்வி, எப்படிப் படிப்பது என்பதுதான்.

எனக்குத் தோன்றுகிற வழி எளியது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளலாம். நியமனம் பற்றியதோ, சொத்து பற்றியதோ, உறுப்பினரை நீக்குவது பற்றியதோ. அதனிடம் மூன்று கேள்வி. இந்தப் பத்தி மனிதரைப் பற்றி, கிருபையைப் பற்றி என்ன நம்புகிறது? இதை எழுதிய அறையில் யார் இருந்தார்கள், யார் மாடத்தில் இருந்தார்கள்? இதன்படி நடந்தால் நாளைக்கு யார் எங்கே அனுப்பப்படுவார், யார் எங்கே தடுக்கப்படுவார்? முதல் கேள்வி இறையியல், இரண்டாவது ஆளுகை, மூன்றாவது மிஷன். மூன்று நோட்டும் ஒரு பத்திக்குள் வந்துவிடும்.

இதற்கு மரபிலேயே ஆதாரம் இருக்கிறது. ஊழியத்தில் முழுமையாகச் சேர்க்கப்படுகிறவர்களிடம் வெஸ்லி காலத்திலிருந்து கேட்டுவரும் கேள்விகளில், இந்த வாழ்வில் அன்பில் பூரணமாவதை எதிர்பார்க்கிறாயா என்ற பொருளில் ஒன்று உண்டு. ஊழியத்தைக் கெடுக்கும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்று இன்னொன்றும் உண்டு. பூரணமும் கடனும் ஒரே பட்டியலில்! கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டாம். பிரிஸ்டலின் ஒரு பென்னிக் கதை தெரிந்தவருக்குச் சிரிப்பு வராது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். மாடத்தில் ஏற்றப்பட்டவர்களின் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "எங்க பக்கத்திலயும் தனித்தனியா உட்கார்ந்த காலம் இருந்துச்சு. அதுக்கு எந்தப் பத்தியும் கிடையாது" என்றார். எழுதப்படாத சட்டத்தை எப்படி வாசிப்பது என்பது இதைவிடக் கடினமான பாடம். எழுதியதை வாசிக்கப் பழகினால்தான் அதற்குப் போக முடியும். மூன்றாவது நோட்டை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.